கழுத்துத் துளையில் ஒரு குட்டி மூடி: பேசவும் வைக்கும், மூச்சையும் நிறுத்தும்!

விரல் நுனியில் நிற்கும் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் மூடி. சரியாக மாட்டினால், வாரக்கணக்கில் பேசாமல் படுத்திருந்தவர் "தண்ணி கொடு" என்று கேட்பார். ஒரே ஒரு வேலையை மறந்துவிட்டு மாட்டினால், சில நிமிடங்களில் உயிரே போகலாம். எந்த வேலை? வருகிறேன், வீடியோவைத் தள்ளிவிடாதீர்கள்.

அடிப்படையை வேகமாக முடித்துவிடலாம். டிரக்கியோஸ்டமி என்றால் குரல்வளைக்குக் கீழே மூச்சுக்குழாயில் துளை போட்டு டியூப் வைப்பது. தலைக்காயம், தொண்டைக் கட்டி, நீண்ட நாள் வென்டிலேட்டர் என்று காரணங்கள் பல. சரி, அடுத்து.

இந்தத் துளைக்குத் தினசரி எதிரி சளி. நாம் இழுக்கும் காற்றை மூக்குதான் சூடாக்கி, ஈரமாக்கி அனுப்புகிறது. துளை வழியாகப் போகும் காற்றுக்கு அந்த உபசாரம் கிடையாது. சளி வறண்டு, இறுகி, டியூபையே அடைத்துவிடும். அதனால்தான் டியூபின் வெளிமுனையில் 'செயற்கை மூக்கு' எனும் ஃபில்டர், தேவைப்பட்டால் உப்புநீரைப் புகைபோலத் தூவும் நெபுலைசர், அப்புறம் சளியை உறிஞ்சி எடுக்கும் சக்‌ஷன். சக்‌ஷன் குழாயை உள்ளே விடும்போது உறிஞ்சக் கூடாது, வெளியே எடுக்கும்போதுதான். அதுவும் 10 முதல் 15 விநாடிக்குள், ஏனென்றால் சளியோடு நோயாளியின் காற்றையும் சேர்த்துத்தான் இழுக்கிறோம். சில டியூப்களுக்குள் இன்னொரு டியூப் இருக்கும். கழற்றிக் கழுவி மாட்டலாம். இதை யோசித்தவருக்குச் சிலையே வைக்கலாம்!

துளையைச் சுற்றி ஈரம் தேங்கினால் தோல் புண்ணாகும், டிரெஸ்ஸிங்கை உலர்வாக வைக்க வேண்டும். சதை வளர்ந்தால் டாக்டர் சில்வர் நைட்ரேட் வைத்துச் சுடுவார். முதல் வாரத்தில் டியூப் வெளியே வந்துவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு திணிக்காதீர்கள். பாதை இன்னும் உறுதியாகவில்லை, டியூப் மூச்சுக்குழாய்க்கு வெளியே சதைக்குள் போய் உட்கார்ந்துவிடும். சில நாள் கழித்துத் திடீரென்று ரத்தம் வந்தால், கொஞ்சமாக இருந்தாலும் அவசரம்தான். மூச்சுக்குழாய்க்கு முன்னால் ஓடும் பெரிய தமனி அரிபடுவதன் முன்னறிவிப்பாக இருக்கலாம். அரிது, ஆனால் விளையாட்டில்லை.

இப்போது எனக்குப் பிடித்த இடம்! குரல் நாண்கள் துளைக்கு மேலே இருக்கின்றன. மூச்சு கீழேயே வெளியேறிவிடுவதால் அவற்றுக்குக் காற்றே போகாது, குரலும் வராது. தசைச் சிதைவு நோயோடு வென்டிலேட்டரில் இருந்த டேவிட் மியூர் என்ற அமெரிக்க இளைஞர், 1980களில் இதற்கு வழி கண்டுபிடித்தார். அதுதான் முதலில் சொன்ன குட்டி மூடி, பாஸி-மியூர் வால்வு. சைக்கிள் டியூப் வால்வு மாதிரி ஒருவழிப் பாதை: இழுக்கும்போது திறக்கும், விடும்போது மூடிக்கொள்ளும். காற்றுக்கு வேறு போக்கிடம் இல்லை, மேலே ஏறிக் குரல் நாண்களை அதிரவைத்து வாய் வழியாக வரும். பேச முடியாத நோயாளியே இன்ஜினியர் வேலை பார்த்திருக்கிறார், இதற்கு ஒரு லைக் போடாமல் வேறு எதற்குப் போடுவீர்கள்?

ஆபத்தும் இங்கேதான். பல டியூப்களின் அடியில் மூச்சுக்குழாயை அடைத்து நிற்கும் பலூன் ஒன்று உண்டு. அது ஊதியிருக்கும்போது வால்வை மாட்டினால், காற்று உள்ளே போகும்; மேலேயும் அடைப்பு, துளையிலும் மூடி, வெளியே வர வழியே இல்லை. ஆகவே பலூன் காற்றை முழுக்க இறக்கிவிட்டுத்தான் வால்வு. தூங்கும்போது வால்வைக் கழற்றிவிட வேண்டும்.

வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், பலூன் உள்ள டியூபா, இல்லாததா என்று டாக்டரிடம் இன்றே கேளுங்கள். படுக்கைக்குப் பக்கத்தில் அதே அளவில் ஒன்று, ஒரு சைஸ் சிறியதாக ஒன்று, இரண்டு மாற்று டியூப் எப்போதும் இருக்கட்டும்.