நின்றுபோன கடிகாரத்தை விடுங்கள், இந்த நாவலில் கைகளைப் பாருங்கள்

(திரையில்: ஓடாத சுவர்க் கடிகாரம். மணி 8.40)

கல்யாணத்தன்று மணப்பெண் அலங்காரம் செய்துகொண்டிருக்கிறாள். ஒரு காலில் ஷூ போட்டாயிற்று, இன்னொன்று மேசைமேல் கிடக்கிறது. அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையிடமிருந்து கடிதம்: கல்யாணம் இல்லை. மணி 8.40. வீட்டிலிருக்கும் அத்தனை கடிகாரங்களையும் அதே நேரத்தில் நிறுத்திவிடுகிறாள். பல வருடம் கழித்து ஒரு சிறுவன் அந்த அறைக்குள் நுழைகிறான். அதே கல்யாண உடை, மஞ்சளேறிப்போய். ஒற்றைக் காலில்தான் ஷூ. இன்னொரு அறையில் கல்யாணக் கேக்குக்குள் சிலந்திகள் குடித்தனம் நடத்துகின்றன.

வணக்கம். சார்லஸ் டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலை மிஸ் ஹாவிஷாமை வைத்து ஆரம்பித்தால்தான் நீங்கள் உட்கார்ந்து பார்ப்பீர்கள். அதனால் ஆரம்பித்தேன். ஆனால் இன்றைய பேச்சு அந்த அம்மாளைப் பற்றி இல்லை. நின்ற கடிகாரம் எதைக் குறிக்கிறது என்று ஐந்து மதிப்பெண் கேள்விக்கு எல்லோரும் எழுதியாயிற்று. அதைவிட ருசியான ஒன்று அத்தியாயத்துக்கு அத்தியாயம் ஒளிந்திருக்கிறது. கைகள்.

முதலில் பின்னணி, வேகமாக. 1860 டிசம்பரிலிருந்து 1861 ஆகஸ்ட் வரை வாராவாரம் வந்த தொடர்கதை. கதாநாயகன் பிப், அநாதை. கெண்ட் பகுதியில் சதுப்பு நிலத்து ஓரமாக ஒரு கிராமம். அக்காவும் அவள் கணவர் ஜோவும் வளர்க்கிறார்கள். ஜோ கொல்லர். கல்லறைத் தோட்டத்தில் தப்பியோடி வந்த ஒரு கைதி பிப்பை மிரட்டுகிறார், பிப் அவருக்குத் தின்பண்டமும், விலங்கை அறுக்க ஓர் அரமும் திருடிக் கொடுக்கிறான். பிறகு ஒருநாள், பெயர் தெரியாத யாரோ கொட்டிய பணத்தில் லண்டன் போய் 'ஜென்டில்மேன்' ஆகிறான். ஹாவிஷாம் அம்மாள்தான் கொடுக்கிறாள் என்று நினைத்துக்கொள்கிறான். அவ்வளவுதான், கதையில் பாதி முடிந்தது.

இப்போது கைகள். ஹாவிஷாம் வீட்டில், அந்த அம்மாள் எடுத்து வளர்க்கும் எஸ்டெல்லா என்ற பெண்ணோடு பிப் சீட்டாடுகிறான். நடுவில் அவள் சிரிக்கிறாள்: இவன் கை எவ்வளவு முரடாக இருக்கிறது, பூட்ஸ் எவ்வளவு தடியாக இருக்கிறது பாருங்கள்! ஆட்டம் முடிந்து முற்றத்தில் தனியாக நிற்கும்போது பிப் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான். அதுவரை அந்தக் கைகள் அவனுக்கு ஒரு விஷயமாகவே இருந்ததில்லை. ஒரு பெண் ஒரே வரியில் சொன்னாள், முடிந்தது. கொல்லுப்பட்டறையே அவமானமாகிவிட்டது. வர்க்கம் என்று பாடப்புத்தகத்தில் பத்திப் பத்தியாக விளக்குகிறார்களே, அது ஒரு குழந்தையின் தலைக்குள் போகும் வழி இதுதான்.

இதில் ஒரு சின்னக் கிண்டலையும் டிக்கன்ஸ் வைத்திருக்கிறார். ஹாவிஷாம் குடும்பத்துக்கு மதுபான ஆலையில் வந்த பணம். பிப்பின் நண்பன் ஹெர்பர்ட் சொல்கிறான்: ரொட்டி சுடுகிறவன் கண்ணியமானவனாக இருக்கவே முடியாது, ஆனால் பீர் காய்ச்சுகிறவன் எவ்வளவு வேண்டுமானாலும் கண்ணியமாக இருக்கலாம், ஏன் என்றுதான் தெரியவில்லை. எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். ரொட்டிக்காரன் தானே மாவு பிசைய வேண்டும். ஆலை முதலாளி எதையும் தொட வேண்டியதில்லை.

அடுத்தது என் செல்லம், வக்கீல் ஜாகர்ஸ். லண்டனின் குற்றவாளிகள் எல்லாம் இவர் காலில்தான் விழுகிறார்கள். இவர் அறைக்குள்ளேயே கைகழுவத் தனியாக ஓர் அடைப்பு இருக்கிறது. வாசனை சோப்பு மணம் செண்டுக் கடை மாதிரி வீசும். கதவுக்குப் பின்னால் உருளையில் சுற்றிய பெரிய துண்டு. ஒவ்வொரு கட்சிக்காரர் போனதும், ஒவ்வொரு முறை கோர்ட்டிலிருந்து திரும்பியதும் கழுவல், துடைப்பு. ஒரு மாலை பிப்பும் நண்பர்களும் சாப்பாட்டுக்கு வருகிறார்கள். அன்றைய வழக்கு ரொம்ப மோசம் போல. கையோடு நிற்கவில்லை, முகம் கழுவுகிறார், தொண்டை கொப்பளிக்கிறார், அப்புறம் பேனாக்கத்தியை எடுத்து நகத்துக்குள் இருந்த வழக்கையே சுரண்டி எடுக்கிறார்! நகத்துக்குள் அழுக்கு என்று எழுதவில்லை பாருங்கள், வழக்கு என்று எழுதுகிறார். இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சிரித்தேன்.

(திரையில்: சாப்பாட்டு மேசை)

அதே விருந்தில்தான் நாவலின் மிகக் கொடூரமான காட்சி. பரிமாற வந்த வேலைக்காரி மோலியின் கையை ஜாகர்ஸ் சட்டென்று பிடித்து மேசையோடு அழுத்துகிறார். மணிக்கட்டைக் காட்டு என்கிறார். வேண்டாம் ஐயா என்று கெஞ்சுகிறாள். காட்டு என்கிறார். ஒரு மணிக்கட்டில் ஆழமான தழும்புகள். எத்தனை வலு பார்த்தீர்களா என்று விருந்தாளிகளிடம் பெருமையடிக்கிறார். பின்னால்தான் தெரிகிறது. மோலி கொலை வழக்கில் சிக்கியவள். கழுத்தை நெரித்துக் கொன்றாள் என்பது குற்றச்சாட்டு. கோர்ட்டில் அவளை மெலிந்தவளாகக் காட்ட உடையைச் சாமர்த்தியமாகப் போடவைத்து விடுதலை வாங்கித் தந்தவர் இதே ஜாகர்ஸ். சோப்பு எதற்கு என்று இப்போது புரிகிறதா?

இன்னொரு நாள் அதே மேசையில் மோலியின் விரல்கள் எதையோ பின்னுவதுபோல அசைகின்றன. பிப் திடுக்கிடுகிறான். இதே விரல்களை, இதே அசைவை, ஹாவிஷாம் வீட்டில் பார்த்திருக்கிறான். எஸ்டெல்லா பின்னல் வேலை செய்துகொண்டிருந்தாள்! அவன் கையைப் பார்த்துச் சிரித்தாளே, அந்த மகாராணியின் கை கொலை வழக்குக் கைதியிடமிருந்து வந்தது. விரல் அசைவை வைத்துத் தாயையும் மகளையும் சேர்த்த ஆளை என்னவென்று சொல்வது!

சரி, பணம் கொடுத்தது யார்? கல்லறைத் தோட்டத்துக் கைதி மாக்விச். ஆஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தப்பட்டு, அங்கே ஆடு மேய்த்துச் சம்பாதித்து அனுப்பியிருக்கிறார். திரும்பி வந்தால் தூக்கு என்று தெரிந்தும் பிப்பைப் பார்க்க வருகிறார். அவன் விரலில் இருந்த வைர மோதிரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இதுதான் ஜென்டில்மேன் மோதிரம் என்று பூரிக்கிறார். பிப்புக்கோ பாம்பு தொட்டதுபோல உடம்பு கூசுகிறது. எஸ்டெல்லா இவருடைய மகள் என்பதும் பின்னால் தெரியவரும். ஆக, நாவலின் சீமானும் சீமாட்டியும் ஒரே கைதி வீட்டுச் சரக்கு.

மாக்விச்சும் காம்பெய்சன் என்ற படித்த மோசக்காரனும் ஒரே குற்றத்துக்காக ஒன்றாகக் கூண்டில் நின்றவர்கள். திட்டம் போட்டவன் காம்பெய்சன். ஆனால் கூண்டில் அவன் நின்ற கோலம் சீமான் மாதிரி: சுருட்டை முடி, கறுப்பு உடை, வெள்ளைக் கைக்குட்டை. அவனுக்கு 7 வருடம், மாக்விச்சுக்கு 14. ஹாவிஷாம் அம்மாளைக் கல்யாணத்தன்று ஏமாற்றியவனும் அவன்தான்.

டிக்கன்ஸுக்கு இந்தக் கைப் பித்து எங்கிருந்து வந்தது? 1824இல் அப்பா கடனுக்காக மார்ஷல்சீ சிறைக்குப் போனபோது, 12 வயதுப் பையன் ஷூ பாலிஷ் தயாரிக்கும் இடத்தில் ஜாடிகளுக்குக் காகித மூடி கட்டி லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தான். பெரிய எழுத்தாளரான பிறகும் அதை ஊருக்குச் சொல்லவில்லை. நண்பர் ஃபார்ஸ்டரிடம் மட்டும் சொன்னார், அவர் எழுதித்தான் டிக்கன்ஸ் இறந்த பிறகு உலகத்துக்குத் தெரிந்தது. நேர்க்கோடு போட்டு இதுதான் காரணம் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் பிப் முற்றத்தில் நின்று கையைப் பார்க்கும் பத்தியை இதைத் தெரிந்துகொண்டு இன்னொரு தரம் படித்துப் பாருங்கள்.

மாக்விச் பிடிபடுகிறார். மொத்தம் 32 பேருக்கு ஒரே நாளில், ஒரே கூட்டமாக நிற்கவைத்து மரண தண்டனை வாசிக்கிறார்கள். கூண்டிலிருந்து நீண்ட அவர் கையை பிப் ஊரறியப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அதற்குள் ஹாவிஷாமின் உடையில் பற்றிய தீயை அணைக்கப் போய் அவன் கைகளும் வெந்து ஆறியிருந்தன. தூக்குக்கு முன்பே மாக்விச் சிறையில் இறந்துபோகிறார்.

முடிவு? இரண்டு உண்டு. முதலில் எழுதியதில் பிப்பும் எஸ்டெல்லாவும் பிக்காடிலி தெருவில் தற்செயலாகச் சந்தித்து, கைகுலுக்கிவிட்டு அவரவர் வழி போகிறார்கள். எழுத்தாளர் புல்வர் லிட்டன் மாற்றச் சொன்னார், டிக்கன்ஸும் மாற்றினார். அச்சில் வந்ததில் பிப் அவள் கையைப் பிடித்துக்கொண்டு இடிந்த வீட்டைவிட்டு வெளியே வருகிறான். எனக்கு முதலாவதுதான் பிடிக்கும். அத்தனை பட்ட பிறகு இரண்டு பேருக்கும் ஒரு கைகுலுக்கல் போதும். நீங்கள் எந்தக் கட்சி? கமெண்டில் சண்டை போடலாம். ஜாகர்ஸ் கட்சிக்காரர்கள் மட்டும் கைகழுவிவிட்டு டைப் செய்யவும்.