தலையாட்டினால் புரிந்துவிட்டது என்று பொருளா?

(வேலூரில் வாசகர் வட்டக் கூட்டமொன்றில் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, செவிலியர் படிப்பில் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே, காந்தி சாலையிலும் சுற்றியுள்ள தெருக்களிலும் விடுதியும் மருந்துக்கடையும் நடத்துகிற நண்பர்களே, ஆட்டோ ஓட்டும் தம்பிகளே, அனைவருக்கும் வணக்கம்.

1900ஆம் ஆண்டில் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே ஒரு படுக்கையோடு இந்த ஊரில் ஒரு மருந்தகம் தொடங்கினார். அது வளர்ந்து சி.எம்.சி. என்னும் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆனது. அதன் விளைவை நாம் தினமும் பார்க்கிறோம். ஹவுரா பக்கத்திலிருந்து வரும் ரயில் காட்பாடியில் நின்றதும், எக்ஸ்ரே உறையை மார்போடு அணைத்துக்கொண்டு குடும்பம் குடும்பமாக இறங்குகிறார்கள். மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், திரிபுரா, மிசோரம், எல்லை தாண்டி வங்கதேசம் என்று எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். நம் தெருக்களில் பெயர்ப் பலகைகளே வங்காள மொழியில் எழுதப்பட்டிருக்கின்றன. அவர்கள் மொழி நமக்குத் தெரியாது, நம் மொழி அவர்களுக்குத் தெரியாது. ஆனாலும் நாம் கவலைப்படுவதில்லை. கைச்சாடை இருக்கிறது, முகம் இருக்கிறது, தலையாட்டல் இருக்கிறது, போதும் என்று நம்புகிறோம். அந்த நம்பிக்கையைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

அண்மையில் ஒரு மருந்துக்கடையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் வயதான வங்காளத் தம்பதி. கடைப் பையன் பொறுமைசாலி. தெரிந்த நாலு இந்திச் சொற்களோடு, கையை உயர்த்திச் சூரியனைக் காட்டிக் காலை என்றும், உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்துச் சாய்ந்து இரவு என்றும் விளக்கினான். பெரியவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். பையன் நிறைவோடு பையைக் கொடுத்தான். அந்த அம்மா மட்டும் அரையடி பின்னால், சேலைத் தலைப்பைத் தலைமேல் இழுத்துவிட்டபடி நின்றார். அவர் தலையாட்டவில்லை, பையனின் முகத்தையும் பார்க்கவில்லை. பார்வை முழுவதும் மாத்திரை அட்டைகளின்மேல் இருந்தது. வெளியே வந்ததும் கணவரிடமிருந்து பையை வாங்கி, ஓர் அட்டையின் மூலையை நகத்தால் மடித்தார். இன்னொன்றில் இரண்டு மூலைகளை மடித்தார். மூன்றாவது அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதற்கு என்ன அடையாளம் வைப்பது என்று தெரியவில்லை.

அவர்களைத் திரும்பக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பையனிடம் கேட்டேன். அது காய்ச்சல் வந்தால் மட்டும் போட வேண்டிய மாத்திரை. காலைக்குச் சாடை உண்டு, இரவுக்குச் சாடை உண்டு, ‘வந்தால் மட்டும்’ என்பதற்குச் சாடை ஏது? பெரியவர் அதற்கும் தலையாட்டியிருந்தார். ‘நீங்கள் பேசுவதை மரியாதையோடு கேட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்பதுதான் அந்தத் தலையாட்டலின் பொருள். கணவருக்கு வேளாவேளைக்கு மருந்து எடுத்துக் கொடுக்கப்போகிற அந்த அம்மாவோ பின்னால் நின்றார். அவரிடம் யாரும் பேசவே இல்லை.

தலையை மேலும் கீழும் அசைத்தால் ஆம், இடமும் வலமும் அசைத்தால் இல்லை என்பது உலகப் பொது என்று நினைக்கிறோம். பல்கேரியாவில் அது தலைகீழ். கிரேக்கத்திலும் துருக்கியிலும் புருவத்தை உயர்த்தித் தலையைப் பின்னுக்குச் சற்றே தூக்கினால் இல்லை என்று பொருள். கூடவே நாக்கால் ‘ச்சு’ என்று ஒலியும் எழுப்புவார்கள். அதே ஒலியை நாம் இரக்கத்துக்கு உச்சுக்கொட்டப் பயன்படுத்துகிறோம். நம் பக்கத்துத் தலைச்சாய்ப்பு இருக்கிறதே, தோளை நோக்கி மெல்ல இப்படியும் அப்படியும் சாய்ப்பது, அது வெளிநாட்டிலிருந்து பயிற்சிக்கு வரும் மருத்துவ மாணவர்களைத் திணறடித்துவிடும். குடியாத்தத்துப் பாட்டி ‘சரி’ என்று சாய்ப்பதை, ‘வேண்டாம்’ என்று எடுத்துக்கொண்டு அவர்கள் விலகி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். சார்லஸ் டார்வின் உலகின் பல மூலைகளில் இருந்தவர்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பி, முகக்குறிகளைப் பற்றி விவரம் திரட்டி 1872இல் ஒரு நூலே எழுதினார். முகக்குறிகள் பலவும் மனித இனத்துக்குப் பொதுவானவை என்று வாதிட்ட அவரே, ஆம், இல்லை என்னும் தலையசைவு எல்லா மக்களிடமும் ஒன்றாக இல்லை என்பதைக் கவனித்திருக்கிறார்.

கைச்சாடைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கட்டைவிரலை உயர்த்தினால் நமக்கு வெற்றி; வங்காளத்துப் பெரியவர்களுக்கு அது ‘உனக்கு ஒன்றும் கிடையாது, போ’ என்று பழிப்புக் காட்டும் பழைய சாடை. இளையவர்கள் பொருட்படுத்துவதில்லை. ஆனால் கவலையோடு நிற்கும் அறுபது வயதுக்காரரிடம் அதைக் காட்டாமல் இருப்பது நல்லது.

இங்கே ஒரு தவறான செய்தியை நான் மறுத்தாக வேண்டும். ஆளுமைப் பயிற்சி வகுப்புகளில், பேச்சில் சொல்லுக்கு 7 சதவீதம்தான் மதிப்பு, மீதி 93 சதவீதம் குரலும் முகமும் என்று கரும்பலகையில் எழுதிப்போடுகிறார்கள். உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967இல் செய்த ஆய்வுகளிலிருந்து எடுத்த எண்கள் அவை. ஒருவர் நம்மை விரும்புகிறாரா வெறுக்கிறாரா என்று கணிக்கும்போது, சொல்லும் தொனியும் முகமும் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் கேட்பவர் எதை நம்புகிறார் என்பதுதான் அங்கே கேள்வி. எல்லாப் பேச்சுக்கும் இது பொருந்தாது என்று அவரே விளக்கியிருக்கிறார். மருந்துச்சீட்டை விளக்கும் இடத்தில் 93 சதவீதத்தை முகத்திடம் ஒப்படைத்தால் நோயாளியின் உயிருக்கு யார் பொறுப்பு?

செவிலியர் பிள்ளைகள் இதைக் கவனமாகக் கேளுங்கள். வலி என்பது உடல் பேசும் மொழிகளிலேயே மிகவும் ஏமாற்றக்கூடியது. மார்க் ஸ்போரோவ்ஸ்கி என்பவர் நியூயார்க்கில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில் நோயாளிகளை ஆராய்ந்து 1952இல் கட்டுரை எழுதினார். இத்தாலிய வழியினரும் யூதர்களும் வலியை வாய்விட்டுச் சொன்னார்கள். சில தலைமுறைகளாக அமெரிக்காவில் வேரூன்றியவர்கள் அடக்கிக்கொண்டார்கள். வியப்பு அதோடு முடியவில்லை. இத்தாலியர்கள் வலி நின்றதும் அமைதியானார்கள். யூதர்களோ வலி நின்ற பிறகும் அதன் காரணம் என்ன, நாளைக்கு என்ன ஆகும் என்று கவலைப்பட்டார்கள். வெளியே ஒரே அழுகை, உள்ளே வெவ்வேறு தேவை. ஆனால் இனத்துக்கு ஒரு முத்திரை குத்த இந்த ஆய்வைப் பயன்படுத்தினால், மீண்டும் அதே பள்ளத்தில்தான் விழுவோம். ‘இந்த ஊர்க்காரர்கள் சும்மா கத்துவார்கள்’ என்ற பேச்சைப் பணியிடத்தில் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். இப்போதும் வருகிறது.

ஒடுகத்தூர் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மாவை மறக்க முடியவில்லை. ஆறு முகங்கள் வரைந்த வலி அட்டையைக் காட்டினோம். பூஜ்ஜியத்தில் சிரிக்கும் முகம், பத்தில் அழும் முகம். அவர் சிரிக்கும் முகத்தைத் தொட்டார். டாக்டர் முன்னால் அழுமூஞ்சியைக் காட்டுவது மரியாதை இல்லை என்று நினைத்தாராம்; பிறகு சொன்னார். ஆனால் அந்த நேரத்தில் அவருடைய இடதுகை விரல்கள் கட்டில் கம்பியை விடவே இல்லை. கால் பெருவிரல் உள்பக்கமாக மடங்கியிருந்தது. ‘ஒருக்களித்துப் படுக்கும்போது எங்கே இழுக்கிறது அம்மா?’ என்று கேட்ட பிறகுதான் வாய் திறந்தார்.

சிரிப்பைப் பற்றியும் சொல்கிறேன். நகை பிறக்கும் இடங்களாகத் தொல்காப்பியம் நான்கைச் சொல்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். மகிழ்ச்சிக்கு உவகை என்று தனி மெய்ப்பாடே, அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சியே, உண்டு. சிரிக்கிறவரெல்லாம் மகிழ்கிறார் என்று நம் முன்னோர் எண்ணவில்லை. நீங்கள் கெட்ட செய்தியைச் சொல்லும்போது நோயாளியின் உறவினர் புன்னகைத்தால், அக்கறை இல்லாதவர் என்று முடிவு கட்டாதீர்கள். அந்நியர் முன்னால் உடைந்துபோகக் கூடாது என்று முகத்தை இறுக்கிப் பிடித்து வைத்திருக்கலாம்.

கண்களுக்கும் இதே கதைதான். கண்ணைப் பார்த்துப் பேசாதவர் பொய்யர் என்று விடுதி மேலாளர்கள் சிலர் சொல்வார்கள். பொய் சொல்பவரை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று 58 நாடுகளில் கேட்ட ஓர் ஆய்விலும் மிக அதிகமாக வந்த பதில் அதுவே. ஆனால் எந்தக் கருவியின் துணையும் இல்லாமல் பொய்யையும் மெய்யையும் பிரிக்கும் திறனைச் சோதித்த ஆய்வுகளை 2006இல் தொகுத்துப் பார்த்தபோது, மக்கள் சராசரியாக 54 சதவீதம்தான் சரியாகச் சொன்னது தெரிந்தது. நாணயம் சுண்டிப் போட்டாலே 50 கிடைக்கும். பெரியவர்கள் முன் தலைகுனிந்து நிற்கக் கற்றுக்கொடுத்து வளர்த்த பெண்ணை அதே குனிவுக்காகச் சந்தேகிப்பது என்ன நியாயம்?

‘அகத்தின் அழகு முகத்தில் தெரியும்’ என்பீர்கள். குறளில் குறிப்பறிதல் என்றே இரண்டு அதிகாரங்கள், 71ஆவதும் 110ஆவதும், இருக்கின்றன என்பீர்கள். மறுக்கவில்லை. ஆனால் முதலாவது அரசனின் குறிப்பை அறியும் அமைச்சனுக்கு, இரண்டாவது காதலர்க்கு. இரண்டிலும் பார்ப்பவரும் பார்க்கப்படுபவரும் ஒரே மண்ணின் வழக்கத்தில் வளர்ந்தவர்கள். இன்று நம் முன்னால் நிற்பவர் இரண்டு நாள் ரயிலில் வந்து இறங்கியவர். அவர் முகத்தில் நாம் பார்ப்பது கேள்வி கேட்கத் தூண்டும் குறி. அவ்வளவுக்குத்தான் அதை நம்பலாம்.

ஆகவே ‘புரிந்ததா?’ என்று கேட்காதீர்கள். அதற்குத் தலையாட்டல்தான் பதிலாக வரும். ‘என்ன புரிந்தது, சொல்லுங்கள்’ என்று கேளுங்கள். சொல்லியதைத் திருப்பிச் சொல்ல வைப்பது மருத்துவமனைகளில் பல நாடுகள் கைக்கொள்ளும் முறை. மருந்து வாங்க வந்தவரோடு பின்னால் நிற்பவரையும் முன்னுக்கு அழையுங்கள். ‘என்ன புரிந்தது, சொல்லுங்கள்’ என்று வங்காள மொழியில் கேட்க ஒரு வாக்கியம் போதும்: ‘கீ புஜ்லேன், போலுன் தோ.’ என் உச்சரிப்பு சுத்தமாக இருக்காது. மூன்றாவது வரிசையில் கொல்கத்தாவிலிருந்து வந்து இங்கேயே உணவகம் நடத்துகிற தம்பி உட்கார்ந்திருக்கிறார். தம்பி, மேடைக்கு வாருங்கள். நீங்கள் ஒருமுறை சொல்லுங்கள், நாங்கள் எல்லாரும் சேர்ந்து திருப்பிச் சொல்கிறோம்.