ஸ்காலர்ஷிப் காசு வரலையா? அப்ளை பண்ணது சரியா இருந்தும் வராததுக்கு இதுதான் காரணம்!

வணக்கம் மக்களே! ஆடியோ கேக்குதா? போன வீடியோல ஃபேன் சத்தம் ஃபேன் சத்தம்னு அத்தனை பேர் கமெண்ட்ல போட்டீங்க, அதனால இன்னைக்கு ஃபேன ஆஃப் பண்ணிட்டுதான் உக்காந்திருக்கேன், வேர்க்குது, கண்டுக்காதீங்க.

இன்னைக்கு நான் செம ஹாப்பி. தம்பியோட தமிழ்ப் புதல்வன் காசு, அதான் அரசுப் பள்ளில படிச்சிட்டு காலேஜ் போற பசங்களுக்கு அரசாங்கம் குடுக்குற உதவித்தொகை, கிடைச்சிருச்சு! ரெகுலரா பாக்குறவங்களுக்குத் தெரியும், இதப் பத்தி நான் எத்தன வீடியோல பொலம்பியிருக்கேன்னு. கூடப் படிக்கிற பசங்களுக்கெல்லாம் மாசம் ஆயிரம் ரூபா வருது, இவனுக்கு மட்டும் வரல. காலேஜ்ல கேட்டா "எல்லாம் அப்ரூவ் ஆயிருச்சும்மா"ங்கிறாங்க. பேங்க்ல கேட்டா "ஆதார் லிங்க் ஆயிருக்கே"ங்கிறாங்க. அப்ப காசு எங்கதான் போகுது?

சொல்றேன் சொல்றேன். அதுக்கு முன்னாடி புதுசா வந்தவங்களுக்காக ஒரு விஷயம். நான் ஸ்காலர்ஷிப் பத்திப் பேசுனாலே "மார்க் எவ்ளோ வேணும் அக்கா"னுதான் மொதல்ல கேக்குறீங்க. முக்காவாசி திட்டத்துக்கு மார்க் கேக்குறதே இல்லைங்க. எந்த ஸ்கூல்ல படிச்ச, வீட்டு வருமானம் என்ன, எந்தக் கம்யூனிட்டி, வீட்ல ஏற்கனவே யாராவது டிகிரி முடிச்சிருக்காங்களா, இதான் கேள்வி. அதுல பாதி நீங்க பதினோரு வயசுல இருக்கும்போதே முடிவாயிருக்கும்.

என் கதையையே எடுத்துக்கோங்க. புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5ம் தேதி ஆரம்பிச்சாங்க, அரசுப் பள்ளில ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் படிச்ச பொண்ணுங்களுக்கு காலேஜ் படிக்கும்போது மாசம் ஆயிரம். நான் அப்ப காலேஜ்லதான் இருந்தேன். ஆனா ஆறாவது ஏழாவது மட்டும் எங்கப்பா கடன வாங்கி மெட்ரிக் ஸ்கூல்ல போட்டாரு, கட்ட முடியல, எட்டாவதுல கவர்மெண்ட் ஸ்கூலுக்கு வந்துட்டேன். அந்த ரெண்டு வருஷத்தால எனக்குக் கிடையாது. ஆர்டிஈ சீட்ல, அதாவது கல்வி உரிமைச் சட்டத்துல கிடைக்கிற இலவச சீட்ல, எட்டாவது வரைக்கும் பிரைவேட்ல படிச்சிட்டு ஒம்பதாவதுல இருந்து கவர்மெண்ட் ஸ்கூலுக்கு வந்தா ஒத்துக்குறாங்க. ஃபீஸ் கட்டிப் படிச்சவங்களுக்கு இல்ல. கடன வாங்கி ஃபீஸ் கட்டுனதுக்குத் தண்டனை மாதிரி! இத இன்னைக்கும் என்னால ஜீரணிக்க முடியல, சாரி, வருஷா வருஷம் சொல்லுவேன்.

தம்பி முழுக்க முழுக்க அரசுப் பள்ளி, அதனால அவனுக்கு எந்தக் கேள்வியும் இல்ல. பசங்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்ட் 9ம் தேதி கோயம்புத்தூர்ல தொடங்கினது. எய்டட் ஸ்கூல்ல தமிழ் மீடியம் படிச்சவங்களுக்கும் உண்டு. வருமான உச்சவரம்பு கிடையாது, வேற ஸ்காலர்ஷிப் வாங்கினாலும் இதையும் வாங்கலாம், இத நல்லாக் கேட்டுக்கோங்க, ஏன்னா நிறைய பேர் "நான் ஏற்கனவே பிசி ஸ்காலர்ஷிப் போட்டுட்டேன், அதனால இது வேணாம்னு விட்டுட்டேன்"னு சொல்றீங்க, அடப் பாவிங்களா!

சரி, காசு எங்க போச்சு.

தம்பி எட்டாவது படிக்கும்போது என்எம்எம்எஸ்னு சென்ட்ரல் கவர்மெண்ட் ஸ்காலர்ஷிப் எக்ஸாம் எழுதி பாஸ் பண்ணான். ஒம்பதாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் வருஷத்துக்கு 12,000 ரூபா வரும்ல, அதுக்காக ஸ்கூல்லயே ஒரு பேங்க்ல அக்கவுண்ட் ஓப்பன் பண்ணிக் குடுத்தாங்க. காலேஜ் சேர்ந்தப்புறம் காலேஜ் பக்கத்துல இருக்குன்னு வேற பேங்க்ல புது அக்கவுண்ட் ஆரம்பிச்சான், ஆதார் குடுத்தான், அப்ளிகேஷன்லயும் இந்த நம்பரத்தான் போட்டான். எல்லாம் கரெக்ட். ஆனா இந்தக் காசு அப்ளிகேஷன்ல நீங்க போடுற அக்கவுண்ட் நம்பரப் பாத்து வர்றது இல்ல. ஆதார் நம்பர வெச்சுத்தான் வருது. உங்க ஆதாருக்கு எந்த பேங்க்னு என்பிசிஐ, அதான் பேங்க்களுக்கு நடுவுல பணம் போறத பாத்துக்கிற அமைப்பு, ஒரு மேப் வெச்சிருக்கு, அதுல எந்த பேங்க் பேர் இருக்கோ அங்கதான் போய் விழும். ஒரு ஆதாருக்கு ஒரு பேங்க்தான். வீடு மாத்திட்டோம் ஆனா தபால்காரர்ட்ட சொல்லலைனா லெட்டர் பழைய வீட்டுக்குத்தானே போகும், அதான் கதை.

இதுல எனக்குக் கடுப்பு என்னன்னா, "ஆதார் லிங்க்" வேற, "ஆதார் சீடிங்" வேற. லிங்க்னா உங்க அக்கவுண்ட்ல கேஒய்சிக்கு, அதாவது நீங்க யாருன்னு சரிபாக்குறதுக்கு, ஆதார் நம்பரப் பதிஞ்சு வெச்சிருக்காங்க, அவ்ளோதான், அத நீங்க பத்து பேங்க்ல கூடப் பண்ணலாம். சீடிங்தான் அரசாங்கக் காசு வர்ற வழி. கவுண்டர்ல இருந்தவரு ஸ்க்ரீனப் பாத்துட்டு லிங்க் ஆயிருக்குனு சொல்றாரு, அவரு சொன்னது பொய்யில்ல, ஆனா நாங்க கேட்டதுக்குப் பதிலும் இல்ல. "சார் டிபிடிக்கு சீடிங் ஆயிருக்கா"னு கேட்டாத்தான் (டிபிடின்னா அரசாங்கக் காசு நேரா அக்கவுண்டுக்கு வர்றது) வேற ஸ்க்ரீன் தொறக்குறாங்க. இத ஏன் ஒரு போர்டுல எழுதி ஒட்டக்கூடாது?

நீங்க பேங்குக்கே போக வேணாம், வீட்லயே பாத்துக்கலாம். மைஆதார் சைட்ல லாகின் பண்ணா பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்னு ஒண்ணு இருக்கும், அத அமுக்குனா பேங்க் பேரும் ஆக்டிவா இல்லையான்னும் காட்டும். ஓடிபி வர்றதுக்கு ஆதார்ல மொபைல் நம்பர் இருக்கணும், அது அப்பாவோட பழைய நம்பரா இருந்தா ஆதார் சென்டருக்குப் போய் மாத்திக்கோங்க. பாத்தா, பழைய பேங்க் பேரு! ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாத்துக்கிட்டோம்.

அப்புறம் பாஸ்புக் தேடுற படலம். அம்மா அரிசி டப்பாக்குப் பின்னாடி வெச்சிருந்தாங்க, எல்லா முக்கியமான பேப்பரும் அங்கதான் இருக்கும் எங்க வீட்ல. பிரிண்டிங் மெஷின்ல வெச்சா அந்த பார்கோட் ஸ்டிக்கர் தேஞ்சு போய் எடுக்கவே இல்ல, திருப்பி வெக்கிறோம், தொடச்சு வெக்கிறோம், பின்னாடி லைன்ல நிக்கிற தாத்தா "நவுரும்மா"ங்கிறாரு, கடைசில உள்ள ஒரு மேடம் புது ஸ்டிக்கர் ஒட்டிக் குடுத்தாங்க, வெச்சோம், டொர்ர்ர்ர்னு அடிக்குது, அடிச்சுக்கிட்டே இருக்கு! ஆயிரம், ஆயிரம், ஆயிரம்... அந்த சத்தத்த நான் ரெக்கார்ட் பண்ணியிருக்கணும். அவ்ளோ மாசமா காசு கரெக்டா வந்துக்கிட்டுத்தான் இருந்திருக்கு, எஸ்எம்எஸ் மட்டும் இப்ப இல்லாத ஒரு சிம்முக்குப் போயிருக்கு. தம்பி அங்கயே நின்னு "அக்கா ஹெட்செட் வாங்கிக்கட்டுமா"ங்கிறான். டேய், மொதல்ல பஸ் பாஸ் எடு.

இப்ப புது பேங்க்ல சீடிங் ஃபார்ம் குடுத்தாச்சு, பழைய பேங்க் பேரு என்னன்னு அதுல கேப்பாங்க, எழுதணும். மாறுறதுக்குக் கொஞ்ச நாள் ஆகும், அதுவரைக்கும் பழைய அக்கவுண்ட க்ளோஸ் பண்ணிறாதீங்க, ப்ளீஸ்.

ஆங், மறந்தே போயிட்டேன், வருமானச் சான்று! இதையும் சொல்லணும்னுதான் வீடியோ ஆரம்பிச்சேன், வேற எங்கயோ போயிட்டேன். பிசி, எம்பிசி, எஸ்சி, எஸ்டி போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப்புக்கெல்லாம், அதாவது பத்தாவதுக்கு மேல படிக்கிறவங்களுக்கானதுக்கு, குடும்ப வருமானம் வருஷத்துக்கு இரண்டரை லட்சத்துக்குள்ள இருக்கணும், அதுக்கு இந்தச் சான்று. ஒரு வருஷந்தான் செல்லும், போன வருஷத்தத வெச்சு ஓட்டலாம்னு நெனைக்காதீங்க. இ-சேவை சைட்ல இதுக்கு ரெவ் 103னு கோட் நம்பர், ஜாதிச் சான்று 101, முதல் பட்டதாரி 104. இ-சேவைல இதுக்கு சர்வீஸ் சார்ஜ் 60 ரூபா. அறுபது! எங்க ஏரியால ஒரு கடைல 250 கேட்டாங்க. ஏங்கன்னு கேட்டா "ஸ்கேனிங், டைப்பிங், விஏஓக்கு ஃபாலோ அப்"ங்கிறாரு. விஏஓக்கு நீங்க என்னங்க ஃபாலோ அப்? ரேஷன் கார்டு, ஆதார், போட்டோ, மூணே மூணுதான், என் ஃபோன்லயே க்ளியரா போட்டோ எடுத்து இ-சேவை சைட்ல நாமளே அப்ளை பண்ற சிட்டிசன் லாகின்ல போட்டேன், 60 ரூபாதான் கட்டுனேன், மிச்சம் 190! 190க்கு என்னென்ன பண்ணலாம்னு அன்னைக்கு ராத்திரி பூரா அம்மாட்ட சொல்லிக்கிட்டே இருந்தேன், அவங்க தூங்கிட்டாங்க. விஏஓ, ஆர்ஐ (ரெவென்யூ இன்ஸ்பெக்டர்), அப்புறம் தாலுகா ஆபீஸ், எங்க நிக்குதுன்னு ஆன்லைன்லயே பாத்துக்கலாம்.

முதல் பட்டதாரி ஃபீஸ் சலுகை தம்பிக்குக் கிடையாது, ஏன்னா அத நான் இன்ஜினியரிங் கவுன்சிலிங்ல வாங்கிட்டேன். ஒரு குடும்பத்துக்கு ஒருத்தர்தான். தாத்தா பாட்டி, அப்பா அம்மா, கூடப்பொறந்தவங்க யாரும் டிகிரி முடிச்சிருக்கக் கூடாது. இதுக்கு வருமான லிமிட் இல்ல, அது நல்ல விஷயம். தம்பி அப்பப்ப சண்டையில "நீதான் எடுத்துக்கிட்ட"ன்னு இழுப்பான். இன்ஜினியரிங்ல அவனுக்கு அரசுப் பள்ளிப் பசங்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டுலயே சீட் கிடைச்சு ஃபீஸ அரசாங்கமே கட்டுது, அத மட்டும் அந்த நேரத்துல மறந்துருவான்.

ஒண்ணு மட்டும் கவனமா இருங்க. சென்ட்ரல் கவர்மெண்ட்டோட சென்ட்ரல் செக்டார் ஸ்காலர்ஷிப்புனு என்எஸ்பி போர்ட்டல்ல, அதான் நேஷனல் ஸ்காலர்ஷிப் போர்ட்டல்ல, இருக்கு, டிகிரி படிக்கும்போது வருஷத்துக்கு 12,000. அதுக்குத்தான் நெசமாவே மார்க் வேணும், போர்டுல 80வது பெர்சன்டைலுக்கு மேல, அதாவது நூறு பேர்ல 80 பேரத் தாண்டியிருக்கணும், வருமானம் நாலரை லட்சம் வரைக்கும். ஆனா அத வாங்குறவங்க வேற ஸ்காலர்ஷிப் வாங்கக் கூடாது. எது பெருசுனு கூட்டிப் பாத்துட்டு அப்ளை பண்ணுங்க. பொண்ணுங்க ஏஐசிடிஇ (டெக்னிக்கல் காலேஜுக்கு அங்கீகாரம் குடுக்குற சென்ட்ரல் கவுன்சில்) அப்ரூவ் பண்ண காலேஜ்ல டிப்ளமோவோ பிஇயோ சேர்ந்திருந்தா பிரகதி ஸ்காலர்ஷிப் பாருங்க, வருஷத்துக்கு 50,000, வருமானம் எட்டு லட்சம் வரைக்கும் ஓகே. இத யாருமே சொல்ல மாட்டேங்கிறாங்க, எனக்கே படிச்சு முடிச்சப்புறம்தான் தெரியும், வயித்தெரிச்சல்.

பேர் விஷயம் போன வருஷ வீடியோல முழுசா சொல்லியிருக்கேன், மார்க் ஷீட்ல இனிஷியல் முன்னாடி, ஆதார்ல அப்பா பேரே முழுசா பின்னாடி, ரெண்டும் ஒத்துப்போகாம அப்ளிகேஷன் மாட்டிக்கும். சம்மர் லீவுலயே சரி பண்ணிருங்க, அட்மிஷன் டைம்ல ஆதார் சென்டர்ல நிக்க முடியாது. என்எஸ்பில நீங்க சப்மிட் பண்ணா மட்டும் பத்தாது, காலேஜ்ல வெரிஃபை பண்ணணும், அந்த ஸ்காலர்ஷிப் செக்ஷன் சார்கிட்ட போய் நில்லுங்க, கூச்சப்படாதீங்க.

கடைசியா, போன வீடியோக்குக் கீழ ரெண்டு மூணு பேர் "அக்கா செக் பண்ணிச் சொல்லுங்க"னு ஆதார் நம்பர், அக்கவுண்ட் நம்பர் எல்லாம் போட்டிருக்கீங்க. நான் டெலீட் பண்ணிட்டேன். என்னால செக் பண்ணவும் முடியாது, ஓடிபி உங்களுக்குத்தான் வரும். ஸ்டேட்டஸ்ல எந்த பேங்க் பேர் வந்துச்சுன்னு மட்டும் கமெண்ட்ல போடுங்க, நம்பர் எதுவும் போடாதீங்க. இப்ப நான் ஃபேனப் போடுறேன், முடியல!