நல்ல வீரரை உருவாக்குவது இன்றைய பயிற்சியே

நடுவர் அவர்களே, எதிரணியில் வீற்றிருக்கும் சான்றோர்களே, அவையோரே, வணக்கம்.

"அமெரிக்கத் தரைப்படையில் நல்ல வீரரை உருவாக்கியது அன்றைய அடிப்படைப் பயிற்சியா, இன்றைய பயிற்சியா?" என்பது தலைப்பு. இன்றைய பயிற்சியே என்று வாதாட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் மூன்று குறைகளை அடுக்கினார். பயிற்சி சுருங்கிவிட்டதாம். அதட்டல் போய்விட்டதாம். துப்பாக்கி முனையில் பொருத்தும் கத்தியான பயனெட்டைக்கூட எடுத்துவிட்டார்களாம்.

சுருங்கிவிட்டதா? வியட்நாம் போர்க் காலத்தில் கட்டாய ஆள்சேர்ப்பில் வந்த ஓர் இளைஞருக்கு அடிப்படைப் பயிற்சி 8 வாரம், அதன்பின் காலாட்படைப் பயிற்சி 8 வாரம். ஆக மொத்தம் 16. இன்று ஜார்ஜியா மாநிலத்தின் ஃபோர்ட் பென்னிங்கில் காலாட்படைக்குச் சேருபவருக்கு இரண்டும் சேர்த்து 22 வாரம். 2018இல்தான் 14 வாரமாக இருந்ததை 22 ஆக்கத் தொடங்கினார்கள். இந்தக் கணக்குக்கு மேல் விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

அதட்டலுக்கு வருகிறேன். புதுவீரர் பேருந்திலிருந்து இறங்கியதும் புதியவர்களைப் பயிற்றுவிக்கும் டிரில் சார்ஜென்ட்கள் நாலைந்து பேர் சூழ்ந்துகொண்டு முகத்துக்கு நேரே கத்துவார்கள். 'சுறாத் தாக்குதல்' என்று அதற்குப் பெயர். விருப்பமில்லாமல் இழுத்து வரப்பட்டவர்களைப் பணியவைக்கப் பிறந்த முறை அது. கட்டாய ஆள்சேர்ப்பு 1973இலேயே முடிந்துவிட்டது. வருகிறவர்கள் எல்லாரும் தாமாகக் கையெழுத்துப் போட்டு வருபவர்கள். அவர்களை முதல் நாளிலேயே மிரட்டினால், சார்ஜென்டின் கண்ணில் படாமல் ஒதுங்கி நிற்பதைத்தான் கற்றுக்கொள்வார்கள். போர்க்களத்தில் நமக்கு வேண்டியது அதற்கு நேர்மாறு: தவறு கண்டால் வாய்திறந்து சொல்லும் வீரர். 2020இல் காலாட்படைப் பயிற்சியில் இந்தச் சடங்கை நிறுத்திவிட்டு, முதல் நாளே குழுவாகச் சேர்ந்து சுமை தூக்கும், சிக்கல் தீர்க்கும் பயிற்சியை வைத்தார்கள். வியர்வைக்கு அதிலும் குறைவில்லை.

கட்டுப்பாடில்லாத கடுமை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அமெரிக்காவின் இன்னொரு படையான மரைன் படை 1956இலேயே பார்த்தது. அந்த ஏப்ரல் 8ஆம் தேதி இரவு, தென் கரோலினாவின் பாரிஸ் தீவில், ஒழுங்கு கற்பிக்கிறேன் என்று ஒரு பயிற்றுநர் தன் பிளாட்டூனை, அதாவது தன் பயிற்சிக் குழுவை, ரிப்பன் கிரீக் என்ற ஓடையில் இறக்கினார். ஆறு இளைஞர்கள் மூழ்கி இறந்தார்கள். எதிரி ஒருவர்கூட இல்லாத இடத்தில் ஆறு உயிர்கள், நடுவர் அவர்களே! தரைப்படை 1964இல் டிரில் சார்ஜென்ட்களுக்கென்றே தனிப் பள்ளி தொடங்கியது. பயிற்றுவிப்பவரும் பயின்று தேர்ந்துதான் வரவேண்டும் என்ற விதி அன்றுதான் வேரூன்றியது.

இப்போது துப்பாக்கி. அன்று சுடக் கற்றவர்கள் தெரிந்த தூரத்தில் அசையாமல் நிற்கும் வட்டப் பலகையைச் சுட்டார்கள். பலகைக்குக் கீழே குழியில் இருப்பவர் குண்டு பட்ட இடத்தைக் குச்சியால் காட்டுவார். சுடுபவர் திருத்திக்கொண்டு மறுபடி சுடுவார். கை நிதானத்துக்கு நல்ல பாடம், மறுக்கவில்லை. ஆனால் எதிரி வட்டப் பலகையாக நிற்பதில்லை. 1950களின் பிற்பகுதியில்தான் மனித உருவ இலக்குகள் திடீரென எழுந்து விழும் முறை வந்தது. 50 முதல் 300 மீட்டர் வரை 40 இலக்குகள், 23 விழுந்தால் தேர்ச்சி. அதிலும் ஒரு குறை நெடுநாள் இருந்தது. பாதி இலக்குகளை மணல் மூட்டைமேல் தாங்கலோடு படுத்துச் சுடலாம். குண்டுகள் அடுக்கிய மேகசினை மாற்றுவதற்குக்கூடச் சுடுதளக் கோபுரத்திலிருந்து ஆணை வரும்.

2020 வாக்கில் நடைமுறைக்கு வந்த தேர்வு அதையும் மாற்றியது. பத்துப் பத்துக் குண்டுகளாக நான்கு மேகசின். தாங்கலின்றிப் படுத்து, தாங்கலோடு படுத்து, தடுப்பை ஒட்டி மண்டியிட்டு, தடுப்பை ஒட்டி நின்று என நான்கு நிலைகள். மேகசினை எப்போது மாற்றுவது, அடுத்த நிலைக்கு எப்போது போவது என்று யாரும் சொல்லமாட்டார்கள். துப்பாக்கி சிக்கிக்கொண்டால் தானே சரிசெய்ய வேண்டும். அதற்குள் தவறிய இலக்கு தவறியதுதான். எழுந்து, மாற்றி, மண்டியிட்டு, மூச்சிரைக்க மறுபடி குறிபார்க்க வேண்டும். தேர்ச்சிக்கு அதே 23தான். எது கடினம் என்பதை அவையே சொல்லட்டும்.

துப்பாக்கி சிக்கிக்கொள்வதைச் சொன்னேன். 2003 மார்ச் 23, ஈராக்கின் நசிரியா. தரைப்படையின் 507ஆவது பராமரிப்புக் கம்பெனி என்ற பிரிவின் வாகன வரிசை வழிதவறி நகருக்குள் நுழைந்தது. 18 வாகனங்கள், 33 பேர். வாகனம் பழுதுபார்ப்பவர், சமைப்பவர், கிடங்குக் கணக்கர் போன்றவர்கள். ஈராக்கியர்கள் பதுங்கித் தாக்கினார்கள். பலருடைய துப்பாக்கிகள் வேலை செய்யவில்லை. 11 பேர் இறந்தார்கள், 7 பேர் சிறைப்பட்டார்கள். பாலைவனத் தூசியில் ஆயுதங்களைச் சரியாகப் பராமரிக்காதது காரணமாக இருக்கலாம் என்று தரைப்படையின் அறிக்கையே சொன்னது. எண்ணெய் அதிகமானால் மணலைப் பிடித்துவைத்துக்கொள்ளும், குறைந்தால் குண்டை உள்ளே தள்ளும் போல்ட் நகராது, தூசி மூடியைத் திறந்தே வைத்தால் எந்த எண்ணெயும் உதவாது. முன்பு துப்பாக்கி ஆயுதக் கிடங்கில் பூட்டியிருக்கும், சுடும் நாளில் எடுத்துக்கொடுத்து மாலையில் திரும்ப வாங்கிவிடுவார்கள். இந்த அறிவு எப்படி வரும்? நசிரியாவுக்குப் பிறகு, புதுவீரர் தொடக்க நாட்களிலேயே துப்பாக்கியைப் பெற்று, சாப்பிடப் போகும்போதும் கூடவே வைத்திருக்கும் வழக்கம் வந்தது. சமையல்காரரானாலும் எழுத்தரானாலும் கற்றே ஆகவேண்டிய போர்வீரர் பணிகள் என்று ஒரு பட்டியல் வகுக்கப்பட்டது.

அடுத்தது முதலுதவி. என் மனத்துக்கு மிக நெருக்கமான பகுதி இது. பழைய பாடத்தில், ரத்தம் நிற்கக் கை காலை இறுக்கிக் கட்டும் இறுக்குப்பட்டை கடைசி வழி. காயத்தை அழுத்து, கையைக் காலை உயர்த்து, நாடியை அழுத்து, எதுவும் பலிக்காவிட்டால் கட்டு என்பார்கள். தொடையின் பெருந்தமனி அறுந்தவருக்கு இந்த வரிசை முடியும்வரை உயிர் இருக்காது. வியட்நாமில் கை கால் காயத்திலிருந்து ரத்தம் வழிந்தே இறந்தவர்களில் பலரை ஓர் இறுக்குப்பட்டை காப்பாற்றியிருக்கும். இன்று குண்டு பாயும் இடத்தில் அதுதான் முதல் வழி. பட்டையைக் காயத்துக்கு 5 முதல் 7 சென்டிமீட்டர் மேலே, மூட்டின்மேல் படாமல் சுற்றவேண்டும். முதலில் பட்டையையே கையால் இழுத்துத் தொய்வை முழுக்க எடுத்துவிட வேண்டும். அதன்பிறகே பட்டையை இறுக்கும் சிறு கோலான திருகுக்கோலைத் திருக வேண்டும். ரத்தம் நிற்கும்வரை திருகி, கொக்கியில் மாட்டி, நேரத்தை எழுதவேண்டும். புதியவர்கள் தவறுவது தொய்வில்தான். தொய்வோடு திருகினால் கோல் சுற்றும், ரத்தம் நிற்காது. இன்னொரு தவறு, காயம்பட்டவர் வலியில் அலறும்போது இரக்கப்பட்டுத் தளர்த்திவிடுவது. அந்த வலி இருக்கத்தான் செய்யும் என்று முன்கூட்டியே சொல்லித்தருகிறார்கள். இதை இருட்டிலும் ஒற்றைக் கையாலும் செய்ய வைக்கிறார்கள். இதுவா மென்மையான பயிற்சி?

வெயிலையும் சொல்லாமல் விட முடியாது. தாகத்தை அடக்கினால் உடல் உறுதியாகும் என்று நம்பிய காலம் உண்டு. 1950களில் பயிற்சி முகாம்களில் வெப்பத்தால் வீரர்கள் சரிந்ததை ஆராய்ந்துதான் காற்றின் வெப்பம், ஈரம், வெயிலின் தகிப்பு மூன்றையும் சேர்த்து அளக்கும் குறியீடு பிறந்தது. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் ஈரக்குமிழ் வெப்பத்துக்கு அதில் பத்தில் ஏழு பங்கு எடை. அந்தக் குறியீடு 90 பாரன்ஹீட்டைத் தொட்டால் கறுப்புக்கொடி, அதாவது கடும் பயிற்சிக்குத் தடை. பிறகு எதிர்த்திசையில் ஒரு தவறு நடந்தது. குடி, குடி என்று வற்புறுத்தியதில் ரத்தத்தில் சோடியம் சரிந்து சிலர் இறந்தார்கள். 1998இல் விதியைத் திருத்தினார்கள்: மணிக்கு 1.4 லிட்டருக்கு மேல் கூடாது, நாளுக்கு 11.4 லிட்டருக்கு மேல் கூடாது. இன்று ஒருவர் வெயிலில் தடுமாறிப் பிதற்றினால், பனிநீரில் ஊறிய துணிகளை உடனே உடலெங்கும் போர்த்தி, சூடேற ஏற மாற்றுகிறார்கள். குளிர்வித்தபின்தான் மருத்துவமனைப் பயணம்.

பயனெட்டை 2010இல் எடுத்தது உண்மை. ஐந்து மைல் ஓட்டத்தையும் எடுத்தார்கள். கொரியாவில் 1951 பிப்ரவரியில் கேப்டன் லூயிஸ் மில்லெட் நடத்தியதைத்தான் தரைப்படையின் கடைசிப் பெரிய பயனெட் தாக்குதல் என்கிறார்கள். அந்த வீரத்தைத் தலைவணங்குகிறேன். ஆனால் அதன்பின் கிட்டத்தட்ட அறுபது ஆண்டுகள் அதற்கு நேரம் ஒதுக்கினார்கள். அணியாக ஓடும் நீண்ட ஓட்டத்தின் கேடு இன்னும் பெரிது. வேகமானவருக்கு அது பயிற்சியே ஆகாது. மெதுவானவரின் பாத எலும்பும் கீழ்க்கால் எலும்பும் மூன்று நான்கு வாரத்தில் விரிசல் விடலாம், ஏனென்றால் புதிய சுமைக்கு எலும்பு முதலில் கரைந்து, பிறகுதான் கட்டிக்கொள்கிறது. அந்த இடைவெளியில்தான் ஒடிகிறது.

எதிரணியின் ஒரு கருத்தை ஒப்புக்கொள்கிறேன். இன்று வருகிற இளைஞர்களின் உடல்நிலை முன்புபோல இல்லை. 17 முதல் 24 வயதுக்காரர்களில் 77 விழுக்காட்டினர் சிறப்பு விலக்கு இன்றிச் சேரமுடியாதவர்கள் என்று பாதுகாப்புத் துறையே கணக்கிட்டது. அதனால்தான் 2022 ஆகஸ்டில் தென் கரோலினாவின் ஃபோர்ட் ஜாக்சன் முகாமில் ஆயத்தப் பயிற்சி தொடங்கினார்கள். எடை குறைக்கவும் படையில் சேரும் தேர்வின் மதிப்பெண் கூட்டவும் அதிகபட்சம் 90 நாள். தகுதிக்கு வந்தால் அடிப்படைப் பயிற்சிக்குள் நுழையலாம், வராவிட்டால் வீட்டுக்குப் போகலாம்.

அடிப்படைப் பயிற்சி பத்து வாரம். ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கணக்கு உண்டு. எனக்கு அடுத்துப் பேசவரும் எதிரணி நண்பர் பயனெட்டையும் ஐந்து மைல் ஓட்டத்தையும் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று சொன்னால், அந்த நேரத்தை எந்தப் பாடத்திலிருந்து எடுப்பார் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பதிலை வைத்தே தாங்கள் தீர்ப்பு வழங்கலாம், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.