ஆணையிட்டவரே பொறுப்பு

நடுவர் அவர்களே, பர்லியாற்றிலிருந்தும் கோத்தகிரியிலிருந்தும் குளிரைப் பொருட்படுத்தாமல் குன்னூருக்கு வந்திருக்கும் ஓட்டுநர்களே, மெக்கானிக்குகளே, தாய்மார்களே, வணக்கம்.

"பந்தய அணியில் மோசடி நடந்தால் பெரிதும் பொறுப்பு ஆணையிட்டவருக்கா, வண்டி ஓட்டியவருக்கா?" இதுதான் தலைப்பு. "எய்தவன் இருக்க அம்பை நோவதா என்று அவர் கேட்பார், அம்புக்கு அறிவில்லை, ஓட்டுநருக்கு அறிவுண்டு" என்று எனக்கு முன்பே எதிரணித் தம்பி பதில் சொல்லிவிட்டார். நல்ல பதில். ஆகவே அம்பை விட்டுவிடுகிறேன். சோறு இன்னொருவர் கையில் இருக்கும் ஒரு மனிதனைப் பற்றிப் பேசுகிறேன்.

2008 செப்டம்பர் 28, சிங்கப்பூர். ஃபார்முலா ஒன் கார் பந்தய வரலாற்றின் முதல் இரவுப் பந்தயம். ரெனோ அணியின் அலோன்சோ பதினைந்தாவது இடத்திலிருந்து கிளம்பி, எல்லோருக்கும் முன்பாகவே எரிபொருள் நிரப்பிக்கொண்டு வந்துவிட்டார். சற்று நேரத்தில் அதே அணியின் பிக்கே, பதினேழாவது திருப்பத்தில் சுவரில் மோதினார். விபத்து நடந்தால் எல்லா வண்டிகளையும் மெதுவாக்கி வரிசையில் நெருக்கி வைக்கும் பாதுகாப்பு கார் உள்ளே வந்தது. மற்றவர்கள் எரிபொருளுக்காக ஒதுங்க, அலோன்சோ முன்னேறி வென்றார். முன்னணியில் இருந்த மாஸா அந்தக் குழப்பத்தில் எரிபொருள் குழாயோடு கிளம்பிப் பின்தங்கினார். அந்த ஆண்டு உலகப் பட்டத்தை ஒரே ஒரு புள்ளியில் இழந்தார்.

மறு ஆண்டு பிக்கே வாக்குமூலம் கொடுத்தார்: அணித் தலைவர் பிரியாட்டோரேவும் பொறியியல் தலைவர் சைமண்ட்ஸும் தன்னை மோதச் சொன்னார்கள். எங்கே மோத வேண்டும் என்பதும் குறிக்கப்பட்டது. கிரேன் இல்லாத இடம் அது. வண்டியை உடனே அகற்ற முடியாது.

அவையோரே, இதை எண்ணிப் பாருங்கள். அப்போது பிக்கேவுக்கு வயது 23. அடுத்த ஆண்டு ஒப்பந்தம் உறுதியாகவில்லை. அதை முடிவு செய்ய வேண்டியவர் பிரியாட்டோரே. பிக்கேவின் மேலாளரும் அதே பிரியாட்டோரே! முதலாளியிடம் இவருக்காகப் பேச வேண்டியவரும் முதலாளியின் நாற்காலியில் இருந்தவரும் ஒருவரே என்றால், அந்தப் பையன் முறையிட எந்தக் கதவைத் தட்டுவான்?

"வேலை போன பிறகுதானே வாய் திறந்தார்?" என்றார் தம்பி. உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அது என் கட்சிக்கான சாட்சி. வேலை இருந்தவரை திறக்க முடியாத வாய், வேலை போனதும் திறந்தது. அந்த வாயை அதுவரை பூட்டிவைத்தது யார்?

"தலைவர்தான் பதவி விலகினாரே" என்றும் சொன்னார்கள். 2009 செப்டம்பரில் விலகினார், ஆனால் குற்றத்தை ஏற்கவில்லை. உலக மோட்டார் விளையாட்டு மன்றம் அவருக்குக் காலவரையற்ற தடையும் சைமண்ட்ஸுக்கு ஐந்தாண்டுத் தடையும் விதித்தது. பிரியாட்டோரே பிரெஞ்சு நீதிமன்றம் போனார். நடைமுறை சரியில்லை என்று 2010-இல் தடை நீங்கியது. நீதிமன்றத்தை மதிக்கிறேன். 2024-இல் அதே ரெனோவின் ஆல்பைன் அணிக்கு அவர் ஆலோசகராகத் திரும்பினார். பிக்கேவோ வேலை போன பிறகு ஃபார்முலா ஒன்னில் மறுபடி ஒரு பந்தயம்கூட ஓட்டவில்லை. நாற்காலியை விட்டு எழுவது வேறு, "நான் சொன்னேன், அவன் செய்தான்" என்று ஊர்முன் நிற்பது வேறு.

என் அப்பா பச்சைத் தேயிலை லாரி ஓட்டியவர். பிரேக் பிடிமானம் குறைந்துவிட்டது என்று இரண்டு முறை சொன்னார். "இந்த சீசன் முடியட்டும்" என்றார் மேலாளர். ஒரு மாலை, பனிமூட்டத்தில், கொள்ளளவை மீறிய மூட்டைகளோடு இறங்கிய லாரி, கொண்டை ஊசி வளைவில் தடுப்புச் சுவரை இடித்து நின்றது. கிளீனருக்குக் கால் போனது. ஏறும்போது போட்ட கியரிலேயே இறங்க வேண்டும் என்பது மலைப்பாதை முறை, அப்படித்தான் அப்பா இறங்கினார். ஆனால் அறிக்கையில் எழுதப்பட்டது ஒரே வரி: "ஓட்டுநரின் கவனக்குறைவு."

நடுவர் அவர்களே, வண்டியில் இருந்தவன் பொறுப்பேற்க வேண்டும் என்கிறது எதிரணி. அவன் ஏற்றுக்கொண்டுதான் இருக்கிறான். "நான்தானே எடுத்தேன்" என்று அப்பா சாகும்வரை அந்தக் கிளீனர் வீட்டுக்கு மாதம் தவறாமல் அரிசி வாங்கிக் கொடுத்தார். மேலாளர் ஒரு நாள்கூட அந்த வீட்டுப் படியேறவில்லை.