விரிசலை வழிநடத்தும் லேசர்

நேயர்களுக்கு வணக்கம். லேசரால் கண்ணாடியை வெட்டுகிறார்கள் என்றதும், பொறி பறக்கக் கண்ணாடி உருகி இரண்டு துண்டாவதாகப் பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். இரும்புத் தகட்டுக்கு அது சரி. கண்ணாடியை அப்படி உருக்கினால் ஓரம் தடித்துப்போகும். ஆறும்போது கண்ட இடத்தில் விரிசல் விடும்.

கண்ணாடி வெட்டுபவர் என்ன செய்கிறார்? சின்னச் சக்கரத்தால் ஒரு கீறல் போட்டு, இருபுறமும் பிடித்து வளைக்கிறார். கீறல் விரிசலாகி அடிவரை இறங்குகிறது. வெட்டு என்று நாம் சொன்னாலும் அது திட்டமிட்ட உடைப்புதான். லேசரும் அதையே செய்கிறது, சக்கரம் இல்லாமல்.

இதற்குப் பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு லேசர்தான். 1964-இல் பெல் ஆய்வகத்தில் குமார் படேல் உருவாக்கியது. அதன் அலைநீளம் 10.6 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). நம் கண்ணுக்குத் தெளிவாக இருக்கும் கண்ணாடி, இந்தக் கதிரை மேற்பரப்பிலேயே விழுங்கிவிடும். கண்ணாடி இளகாத அளவுக்குத்தான் சூடேற்றுவார்கள். கதிருக்குப் பின்னாலேயே ஒரு குழாய்முனை நீர்த்திவலையை வீசிக்கொண்டு வரும். சூடான மேற்பரப்பு சட்டென்று குளிர்ந்து சுருங்கப் பார்க்கும். சுற்றியிருக்கும் பகுதி விடாது, அதனால் மேற்பரப்பு இழுபடும். அமுக்கினால் நன்றாகத் தாங்கும் கண்ணாடி, இழுத்தால் தாங்காது. ஓரத்தில் முன்பே போட்டுவைத்த நுண்ணிய கீறலிலிருந்து விரிசல் கிளம்பி, கதிர் போன வழியே ஓடும். சூடான டம்ளரில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ‘டப்’பென்று விடுவதும் இதே சங்கதிதான், அங்கே விரிசல் இஷ்டத்துக்குப் போகிறது. குவார்ட்ஸ் கண்ணாடி சூட்டுக்கு மிகமிகக் குறைவாகவே விரியும் என்பதால் அதனிடம் இந்த வித்தை பலிக்காது.

வேகத்தைவிட இதில் எனக்குப் பெரிதாகப் படுவது விளிம்புதான். சக்கரம் ஓரத்தில் பொடிப்பொடியான விரிசல்களை விட்டுச்செல்லும். பின்னாளில் கண்ணாடி உடையத் தொடங்குவது அங்கிருந்துதான். லேசர் விளிம்பு வழவழப்பாக வரும், தேய்க்கும் வேலையும் குறையும். நேர்கோட்டு ஜன்னல் கண்ணாடிக்கு இவ்வளவு தேவையா என்றால், சக்கரமே போதும்.

லேமினேட்டட் கண்ணாடிதான் தலைவலி. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பி.வி.பி. என்னும் பிளாஸ்டிக் படலம், பெரும்பாலும் 0.38 அல்லது 0.76 மில்லிமீட்டர். மேல்கண்ணாடியில் பட்ட கதிர் கீழே போய்ச் சேராது. ஆகவே இருபுறமிருந்தும் வெட்டவேண்டும். இரண்டு கோடும் ஒன்றன்மேல் ஒன்று உட்காரவேண்டும். அவ்வளவும் செய்தபின் படலம் மட்டும் அறுபடாமல் இரண்டு துண்டையும் பிடித்துக்கொண்டு நிற்கும். அதைச் சூடாக்கி, இளக்கி, இடைவெளியில் பிளேடு விட்டு அறுப்பது பழைய முறை. சூடு மிஞ்சினால் படலம் குமிழிட்டு, ஓரத்தில் ஒட்டு விட்டுப்போகும்.

ஒரு மைக்ரானை ஒட்டிய அலைநீளமுள்ள லேசர் கண்ணாடிக்குள் ஊடுருவிச் செல்லும். அதை மிகக் குறுகிய துடிப்புகளாகக் குவித்து, உள்ளே நூலிழை போன்ற துளைகளை வரிசையாகப் போட்டுப் பிரிப்பது இன்னொரு வழி. செல்போன் கண்ணாடிகளில் வளைவுகள் வெட்ட இது உதவுகிறது.

உலையில் உறுதியேற்றிய டஃபன்டு கண்ணாடியை மட்டும் வெட்டப் பார்க்காதீர்கள். அதன் உள்ளே அடைபட்டிருக்கும் இழுவிசை வரை வெட்டு இறங்கினால் முழுக் கண்ணாடியும் பொடியாகிவிடும். அளவு, துளை, வளைவு எல்லாவற்றையும் உலைக்குப் போகுமுன்பே முடித்துவிடவேண்டும்.

நன்றி, வணக்கம்.