செடியைப் பிடுங்கினால் போதுமா?

வணக்கம் நேயர்களே. வேறு நாடுகளில் இருந்து வந்தேறிப் பரவும் செடிகள் காட்டு மண்ணை என்ன செய்கின்றன என்று பேசக் கேட்டார்கள். நான் எங்கள் வீட்டு மதிலில் இருந்து தொடங்குகிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் நுவரெலியாவில் வளர்ந்தவள். அங்கே ஹைட்ரேஞ்சியா பெரும்பாலும் நீலமாகத்தான் பூக்கும், போய்வந்தவர்கள் பார்த்திருப்பீர்கள். அப்பா ஒரு வருடம் புது மதில் கட்டிச் சீமெந்து பூசினார். பிறகு பார்த்தால் மதிலோரம் நின்ற இரண்டு செடிகள் மட்டும் ரோஸ் நிறத்தில் பூக்கின்றன. எல்லாம் ஒரே தாய்ச்செடியில் வெட்டி நட்ட தடிகள்! அம்மா கண்ணூறு என்றார், அப்பா யாரோ செடியை மாற்றிவிட்டார்கள் என்றார், எனக்கு வருடக்கணக்காக அது மனதிலேயே கிடந்தது. பேராதனையில் படிக்கும்போதுதான் விடை கிடைத்தது. சீமெந்துச் சுண்ணாம்பு மழையில் கரைந்து மண்ணில் இறங்கி அதன் புளிப்பை, அதாவது அமிலத்தன்மையை, குறைத்திருக்கிறது. புளித்த மண்ணில்தான் அலுமினியம் கரைந்து வேருக்குக் கிடைக்கும், பூவுக்கு நீலம் வருவது அந்த அலுமினியத்தால். மண்ணை மேலே நின்று பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை, பூதான் சொன்னது.

சரி, ஒரு மதில் செய்வதை ஒரு செடி செய்யுமா? செய்யும். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஓக் காடுகளுக்குள் ஜப்பானிய பார்பெரி என்கிற முட்புதர் புகுந்தது, அழகுக்காக வீட்டுத் தோட்டங்களுக்குக் கொண்டுபோன செடி. ஓக் இலை மெதுவாக உக்கும், பார்பெரி இலை சீக்கிரம் உக்கிவிடும். அதன் அடியில் மண்ணின் புளிப்பு குறைந்து, செடிகள் உறிஞ்சும் நைதரசன் உப்பான நைத்திரேற்று கூடியதை அளந்து பார்த்திருக்கிறார்கள்.

ஹவாயில் நடந்தது இன்னும் பெரிய விஷயம். எரிமலைக் குழம்பு ஆறி உண்டான இளம் மண், அதில் நைதரசன் மிகக் குறைவு, அந்த ஏழை மண்ணுக்குப் பழகி வளர்ந்தவை அங்குள்ள ஒஹியா மரங்கள். அசோர்ஸ் தீவுகள் பக்கமிருந்து வந்த ஃபாயா மரமோ தன் வேர் முடிச்சுகளால் காற்றின் நைதரசனைப் பிடித்து மண்ணில் சேர்க்கிறது. சில இடங்களில் மண்ணுக்குள் போகும் நைதரசன் நான்கு மடங்கானதை 1987இல் விட்டூசெக் என்கிற ஆய்வாளரும் கூட இருந்தவர்களும் எழுதினார்கள். உரம் கூடினால் நல்லதுதானே என்று கேட்பீர்கள். வயலுக்கு நல்லது. அந்தக் காட்டில் ஏழை மண்ணில் போட்டியிட முடியாத வேறு வந்தேறிகளுக்கும் அது வழிவிடுகிறது. ஃபாயாவை வெட்டி அகற்றினாலும் அது சேர்த்தது மண்ணில் கிடக்கும். இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், செடி போனாலும் அது போட்டது கிடக்கும்.

நமக்குக் கிட்டே வருவோம். ஹோட்டன் சமவெளியில் மஞ்சள் பூ பூக்கும் கோர்ஸ் முட்புதரைப் பார்த்திருப்பீர்கள், படம்கூட எடுத்திருப்பீர்கள். ஐரோப்பாவில் இருந்து வந்தது, அவரைக் குடும்பம், அதுவும் நைதரசன் சேர்க்கும், ஆனால் பார்பெரிக்கு நேர்மாறாக மண்ணின் புளிப்பைக் கூட்டும். நானும் ஒருமுறை பிடுங்கப் போனேன். முதுகு முறிய நாள் முழுக்கப் பிடுங்கினோம். அடுத்த வருடம் அதே இடத்தில் கன்றுகள், பாய் விரித்த மாதிரி. அதன் விதை பல பத்து வருடங்கள் மண்ணுக்குள் உயிரோடு கிடக்கும் என்பது எனக்கு அன்று தெரியாது. அந்த இடத்துக்கே உரிய கன்றுகளை நட்டு, வருடா வருடம் போய்ப் பார்க்க ஆள் இருந்தால்தான் பிடுங்குவதில் பலன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், நேரமாகிவிட்டது. கொழும்பில் இருப்பவர்களுக்கு ஒன்று: தோட்டத்தில் வெட்டிய கொப்புகளையும், இபில் இபில் என்கிற வந்தேறி மரத்தின் காய்களையும் சதுப்பு நிலத்தோரம் கொட்டாதீர்கள். அப்புறம் பிள்ளைகளுக்கு, செவ்வரத்தம்பூவை வெந்நீரில் ஊறவைத்து, ஒரு கோப்பையில் தேசிக்காய்ப்புளியும் இன்னொன்றில் அப்பச்சோடாவும் போட்டு, புளிப்பு நிறத்தை எப்படி மாற்றுகிறது என்று பாருங்கள். வணக்கம்.